கோணிய பலகையை நகரும் பேண்ட் சா மில்லில் நேராக்கி அளவுக்கு அறுப்பது எப்படி

மரவாடியில் அறுத்து வாங்கிய தேக்கு, வாகை, பலா, வேம்புப் பலகைகள் அடுக்கில் கிடந்து காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால், ஒன்று வில்லாக வளைந்திருக்கும், ஒன்று முறுக்கியிருக்கும், கனமும் முனைக்கு முனை மாறும். 10 அங்குல அகலப் பலகை சின்னப் பட்டறையின் 6 அங்குல சர்ஃபேஸ் பிளேனரில் ஏறாது. இழைப்புளியால் தள்ளினால் கை ஓய்ந்துவிடும். மரம் அறுக்கக் கொண்டுவந்த நகரும் பேண்ட் சா மில்லிலேயே (வளையப் பட்டை ரம்பம் சுழலும் தலை, தண்டவாளத்தில் மரத்தின் மேலாக நகரும் மில்) இந்த வேலையை முடிக்கலாம். அகலம் முழுவதும் ஒரே ஓட்டத்தில் தட்டையாகும். கழித்த மரத்தில் ஒரு பங்கு தூளாகப் போகாமல் ரீப்பராகவும் (மெல்லிய மரச்சட்டம்) கையில் நிற்கும்.

இதில் முதலில் மனதில் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. மில்லின் கிளாம்ப் பலகையை நேராக்காது. வளைந்த பலகையை அமுக்கிப் பிடித்து மேலே ஒரு ஓட்டம் ஓட்டினால் அறுவை நேராகத்தான் போகும். கிளாம்பைத் தளர்த்தியதும் பலகை பழைய வளைவுக்கே எழும்பிவிடும். கனம் மட்டும் சீராகியிருக்கும், கோணல் அப்படியே இருக்கும். அதனால் பலகை எப்படி இயல்பாகப் படுக்கிறதோ அப்படியே படுக்கவைத்து, அடியில் இடைவெளி உள்ள இடத்தில் சக்கை (இடைவெளியை நிரப்பும் மெல்லிய மரத்துண்டு) கொடுத்து, மேல்முகத்தை அறுக்க வேண்டும். பிறகு புரட்டி, நேரான முகத்தைத் தளத்தில் வைத்து மறுமுகத்தை அறுக்க வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் இதைச் சுற்றித்தான்.

காய்ந்ததா, எப்படிக் கோணியிருக்கிறது

பச்சைப் பலகையை நேராக்குவது வீண் வேலை. காயும்போது மறுபடி கோணும். ஈரமானி வைத்துப் பாருங்கள். 12 முதல் 15 சதவீதத்துக்குள் வந்திருந்தால் தொடங்கலாம். முனையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். முனையிலிருந்து 2 அடி தள்ளி, மூன்று நான்கு இடங்களில் பாருங்கள்.

கோணல் நான்கு வகை. முனைக்கு முனை நூல் பிடித்தால் முகத்தில் இடைவெளி தெரிந்தால் வில் வளைவு. விளிம்போரம் நூல் பிடித்து இடைவெளி தெரிந்தால் பக்க வளைவு. மூலைமட்டத்தின் நேர்விளிம்பைக் குறுக்கே வைத்து நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிவு. நான்காவது முறுக்கு, இதுதான் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. ஒரே உயரமுள்ள இரண்டு நேரான ரீப்பர்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையில் குனிந்து, இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒன்றின் இடது பக்கம் தூக்கி நின்றால் அந்தத் தூக்கல்தான் முறுக்கின் அளவு. நான்கையும் மில்லிமீட்டரில் சாக்பீஸால் பலகை மேலேயே எழுதிவிடுங்கள்.

முதலில் குறுக்கே வெட்டு, பிறகுதான் மில்

பலரும் 8 அடிப் பலகையை முழுசாக மில்லில் ஏற்றிவிடுகிறார்கள். செய்யப் போவது மூன்றரை அடிக் கதவுச் சட்டமாக இருந்தால் அது பெரிய நட்டம். சீரான வில் வளைவின் ஆழம் நீளத்தின் வர்க்கத்தோடு மாறும். நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு கால்பங்காகும். குழிவும் அகலத்தோடு அப்படியே. முறுக்கு பாதியாகும்.

கணக்குப் போட்டால் தெளிவாகத் தெரியும். 8 அடி நீளம், 9 அங்குல அகலம், 38 மி.மீ. கனமுள்ள பலகை. வில் வளைவு 10 மி.மீ., குழிவு 3 மி.மீ. முழு நீளத்தில் தட்டையாக்க ஏறத்தாழ 13 மி.மீ. கனம் போகும், நடுவில் மேல்முகத்திலிருந்தும் முனைகளில் அடிமுகத்திலிருந்தும். மிஞ்சுவது 25 மி.மீ. மட்டுமே. அதையே 4 அடியாக இரண்டாக வெட்டினால் வில் வளைவு 2.5 மி.மீ. ஆகிவிடும். குழிவோடு சேர்த்துப் போவது 5.5 மட்டுமே. கையில் 32.5 மி.மீ. பலகை நிற்கும். நாலரை அங்குல அகலம் போதும் என்றால் நடுவில் பிளந்துவிட்டு ஏற்றுங்கள், குழிவு முக்கால் மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும்.

வெட்டும்போது தேவையான நீளத்தோடு இரு முனையிலும் 3 அங்குலம் கூட விடுங்கள். முனைப் பிளவை ஒதுக்கவும் பலகையைப் பிடித்து நிறுத்தவும் அது வேண்டும்.

பழைய வீட்டு உத்திரம், கதவுப் பலகை என்றால் ஆணி பார்க்காமல் மில்லுக்குக் கொண்டுபோகக் கூடாது. மெட்டல் டிடெக்டரை நான்கு பக்கமும் ஓட்டுங்கள். மரத்தில் கருநீலக் கறை பொட்டாகத் தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது. ஒரே ஆணி ஒரு பிளேடைத் தீர்த்துவிடும்.

மில்லைச் சரிபார்ப்பது

மரத்தண்டு அறுக்கும்போது 2 மி.மீ. பிழை யாருக்கும் தெரியாது. பலகையில் அதுவே வேலையைக் கெடுக்கும். நகரும் மில் மண்ணில்தான் நிற்கிறது. கரிசல் நிலத்தில் ஒரு மழைக்கு ஒரு கால் இறங்கிவிடும். ஒவ்வொரு ஜாக்கின் அடியிலும் அகலமான பலகைத் துண்டு போட்டு, ரசமட்டத்தால் தண்டவாளம் இரண்டையும் மட்டம் பாருங்கள். ஒரு தண்டவாளம் முறுக்கியிருந்தால் பலகையும் முறுக்கித்தான் வரும்.

அடுத்தது பிளேடுக்கும் தளத்துக்கும் உள்ள தூரம். பிளேடை வழக்கமான டென்ஷனில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, தளத்தின் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலிருந்தும் பிளேடு வரை அளந்து எழுதுங்கள். இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் அளக்க வேண்டும். கீழ்நோக்கி மடங்கிய பல்லின் நுனிவரைதான் அளவு. நேர்ப்பல்லுக்கோ பிளேடின் உடம்புக்கோ அளந்தால் அரை மில்லிமீட்டர் பொய்யாகும். எல்லா இடத்திலும் வித்தியாசம் அரை மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நடுச்சட்டம் இறங்கியிருந்தால் தகடு வைத்துத் தூக்குங்கள்.

பக்க முட்டுகள் தளத்துக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். விளிம்பு அறுக்கும்போது இது தவறினால் பலகையின் விளிம்பு சாய்ந்து வரும், பிறகு பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் சேராது.

பிளேடு புதிதாகச் சாணை பிடித்ததாக இருக்கட்டும். காய்ந்த கடின மரத்துக்கு 32 மி.மீ. அகலம், 1.07 மி.மீ. கனம், 22 மி.மீ. பல் இடைவெளி, 7 டிகிரி பல் சாய்வு நன்றாகப் போகும். பச்சை மரத்துக்குப் பயன்படுத்தும் 10 டிகிரிப் பல் காய்ந்த மரத்தில் அதிகமாகக் கடித்து, கணு வந்தால் துள்ளும். பல் விரிப்பு (பற்கள் பக்கவாட்டில் மடங்கி நிற்கும் அளவு) பக்கத்துக்கு அரை மி.மீ. அளவில் போதும். அகலமாக விரித்தால் முகம் சொரசொரப்பாகும். தேக்கில் மணல்சத்து இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும், மாற்றுப் பிளேடு இரண்டு மூன்று கையில் வேண்டும். பிளேடைத் தாங்கும் நகரும் கைடு ரோலரைப் பலகையின் ஓரத்திலிருந்து ஒன்று முதல் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். கைடு தூரத்தில் நின்றால் பிளேடு நடுவில் தொய்ந்து அலையும்.

சவாரிப் பலகை

மில்லின் குறுக்குச் சட்டங்கள் 2 அடி, 3 அடி இடைவெளியில் இருக்கும். தடித்த மரத்துக்கு அது போதும். ஒரு அங்குலப் பலகை அந்த இடைவெளியில் தொய்யும், அதிரும். மில்லின் பக்க முட்டும் கிளாம்பும் அவ்வளவு தாழ்வாக இறங்காமலும் போகலாம். அதனால் ஒரு சவாரிப் பலகை செய்துகொள்ளுங்கள். 18 மி.மீ. மரைன் பிளைவுட், 8 அடி நீளம், 14 அங்குல அகலம். அடியில் நீளவாக்கில் 50க்கு 25 மி.மீ. இரும்புச் செவ்வகக் குழாய் இரண்டு, 50 மி.மீ. பக்கம் நிற்கும்படி, பிளைவுட்டோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் தலை பிளைவுட்டுக்குள் முழுசாகப் புதைய வேண்டும்.

மேலே இரண்டு இடத்தில் தடுப்பு வேண்டும். பிளேடின் பல் எந்தப் பக்கம் நோக்கி ஓடுகிறதோ அந்த நீளப் பக்கத்தில் ஒன்று. மில் தலை நகரும் திசையின் கடைசி முனையில் ஒன்று. பிளேடு பலகையைப் பக்கவாட்டில் இழுக்கும், தலை முன்னால் தள்ளும், இரண்டையும் இந்தத் தடுப்புகள் தாங்கும். தடுப்பு 12 மி.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம், மரத்திலேயே இருக்கட்டும். தவறி பிளேடு இறங்கினாலும் மரத்தைத்தான் தின்னும். சவாரிப் பலகையை மில்லின் கிளாம்பால் தளத்தோடு இறுக்கி, பிளேடிலிருந்து அதன் மேல்பரப்புக்கு மறுபடி நான்கு மூலையிலும் அளந்துகொள்ளுங்கள்.

முதல் முகம்

குழிந்த பக்கம் கீழே, புடைத்த பக்கம் மேலே. இப்படி வைத்தால் பலகை இரு ஓரங்களில் உட்காரும், ஆடாது. வில் வளைவும் குழிவும் எதிரெதிர்ப் பக்கமாக இருந்தால் எது பெரியதோ அதன் குழிவைக் கீழே வையுங்கள்.

முறுக்கு இருந்தால் எதிரெதிர் மூலைகள் இரண்டு தூக்கி நிற்கும். 4 மி.மீ. முறுக்கு என்றால் ஒரு மூலையில் 4 மி.மீ. சக்கை வைக்காதீர்கள். தூக்கிய இரண்டு மூலைகளிலும் 2 மி.மீ. வீதம் வையுங்கள். இப்படிப் பங்கிட்டால் கழியும் மரம் குறைகிறது. பிறகு நடுவில் இடைவெளி உள்ள இடமெல்லாம், அடிக்கு ஒன்றாக, மென்மரத்தில் சீவிய மெல்லிய ஆப்பை விரலால் தள்ளுங்கள். தொடும்வரை போதும். சுத்தியலால் அடித்தால் பலகை மேலெழும்பி, நீங்கள் நேராக்க வந்த வளைவே மாறிவிடும். பலகையைக் கையால் நான்கு இடத்தில் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே இன்னும் சக்கை வேண்டும். திண்ணென்று கேட்டால் சரி. அதிர்வில் ஆப்பு நழுவாமல் ஹாட் குளூ வைத்து ஒட்டிவிடுங்கள்.

பலகையைப் பிடிக்க, கூடுதலாக விட்ட முனைகளில், சவாரிப் பலகையின் அடியிலிருந்து மேல்நோக்கி ஸ்க்ரூ போடுங்கள். பலகைக்குள் 10 மி.மீ.க்கு மேல் ஏற வேண்டாம். அந்த இடம் பலகையைத் தொட்டு இருக்கிறதா, சக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முறுக்குங்கள். இடைவெளியில் ஸ்க்ரூ முறுக்கினால் அதுவும் அமுக்கிப் பிடித்த மாதிரிதான்.

எஞ்சின் நின்றிருக்கும்போதே பிளேடைப் பலகையின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் உயரத்தை முடிவு செய்யுங்கள். தலையை முழு நீளமும் கையால் ஒரு முறை நகர்த்தி, தடுப்பிலோ கிளாம்பிலோ படுமா என்று பாருங்கள். எத்தனை முறை செய்தவராக இருந்தாலும் இதை விடக் கூடாது.

ஓட்டம் நிதானமாக இருக்கட்டும். புடைத்த நடுவில் மட்டும் மரம் இருக்கும், ஓரங்களில் பிளேடு காற்றில் போகும். மரத்துக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வேகத்தைக் குறையுங்கள், பிளேடு மேலே ஏற முயல்வது அங்கேதான். 1 நூலுக்கும் (3 மி.மீ.) குறைவான சீவலை முழு அகலத்தில் எடுக்க பேண்ட் சா ஏற்றதல்ல. மேலே தாங்க மரம் இல்லாததால் பிளேடு நழுவும். அந்த மிச்சத்தைப் பிளேனருக்கு விடுங்கள். முகத்தில் பத்தில் ஒரு பங்கு அறுவை படாமல் இருந்தாலும் பரவாயில்லை, புரட்டி வைத்தால் ஆடாமல் உட்கார்ந்தால் போதும்.

பிளேடில் பிசின் ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சொட்டவிடலாம். காய்ந்த மரத்துக்குச் சொட்டுச் சொட்டாகப் போதும். கருவேலம் போன்ற துவர்ப்பு மிகுந்த மரத்தில் இரும்பும் தண்ணீரும் சேர்ந்து கருங்கறை படியும். அங்கே ஓட்டம் முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிடுங்கள். டீசல் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு, பாலிஷ் போடப் போகும் பலகைக்கு அது வேண்டாம்.

இரண்டாம் முகம், கனம்

ஸ்க்ரூவைக் கழற்றி, தூளைச் சுத்தமாகத் துடைத்து, அறுத்த முகத்தைக் கீழே போடுங்கள். ஒரு கைப்பிடி தூள் அடியில் மாட்டினால் மறுபடி 1 மி.மீ. பிழை. இப்போது சக்கை எதுவும் தேவையில்லை. பிளேடின் கீழ்ப்பல்லுக்கும் சவாரிப் பலகைக்கும் உள்ள தூரமே பலகையின் கனம். பிளேடு தின்னும் அளவை இதில் சேர்க்க வேண்டாம். 20 மி.மீ. முடிவுக்கனம் வேண்டுமென்றால் 23 அல்லது 24க்கு அறுங்கள். ஒரே கனம் வேண்டிய பலகை எல்லாவற்றையும் அளவை மாற்றாமல் வரிசையாக ஓட்டிவிடுங்கள்.

தடித்த பலகையை இரண்டாகப் பிளப்பதற்குக் கணக்கு வேறு. பிளேடு 2 மி.மீ.க்குச் சற்று மேல் தின்னும். 50 மி.மீ. பலகையில் ஏறத்தாழ 24 வீதம் இரண்டு கிடைக்கும், ஒன்றிரண்டு நாளில் அவை குழியவும் செய்யும். வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் மிஞ்சியிருந்தால், புதிதாகத் திறந்த உள்முகம் காய்ந்து சுருங்கி அந்தப் பக்கமே குழியும். அதனால் பிளந்த பலகையில் 20க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பிளந்த உடனே இழைக்கவும் வேண்டாம்.

விளிம்பு

மில் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும் இடம் இதுதான். முகம் முடிந்த பலகைகளை அகலவாரியாகப் பிரியுங்கள். ஒரே அளவில் உள்ள ஆறு அல்லது எட்டுப் பலகைகளைக் கட்டாகச் சேர்த்து, விளிம்பில் நிறுத்தி, தளத்தின் குறுக்குச் சட்டங்களிலேயே வைத்துப் பக்க முட்டோடு கிளாம்பால் அணையுங்கள். ஒவ்வொரு பலகையும் உள்வளைந்த விளிம்பு கீழே, புடைத்த விளிம்பு மேலே இருக்க வேண்டும். இரு முனைகளில் ஊன்றி நிற்பதால் அது உருளாது. கட்டை இறுக்குமுன் ஒவ்வொரு பலகையையும் மேலிருந்து தட்டி இரு முனையும் தளத்தைத் தொடச் செய்யுங்கள். குட்டையான பலகை நடுவில், நெட்டையானவை இருபுறமும் நின்றால் கிளாம்ப் நன்றாகப் பிடிக்கும். முட்டும் கிளாம்பும் கடைசி அறுவைக் கோட்டிலிருந்து ஒரு அங்குலமாவது தாழ்ந்து இருக்க வேண்டும்.

மேல்விளிம்பு எல்லாப் பலகையிலும் முழுசாக நேராகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தேக்கில் வெள்ளை (வெளிப்புற வெளிர் மரம்) முழுவதும் போய் வைரம் (உள்ளே உள்ள அடர்நிற மரம்) தெரியும்வரை எடுப்பது நல்லது, கரையான் முதலில் தொடுவது வெள்ளையைத்தான். பிறகு கட்டைத் தளர்த்தி ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கி, நேர்விளிம்பு கீழே வைத்து, வேண்டிய அகலத்துக்கு 3 மி.மீ. கூட்டி அறுங்கள். எல்லாம் ஒரே அகலத்தில் வந்து நிற்கும்.

சில பலகைகள் முதல் விளிம்பை அறுத்ததும் வேறுபக்கம் வளையும். மரம் வளரும்போதே உள்ளே தங்கிய இழுவிசை அது, ஒரு பக்கத்தை நீக்கியதும் மறுபக்கம் இழுக்கிறது. தளத்தில் வைத்து இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் அந்த விளிம்பை மீண்டும் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டே அடுத்ததற்குப் போங்கள். இரண்டாம் முறையும் வளைந்தால் அந்தப் பலகையைக் குட்டை நீள வேலைக்கு ஒதுக்குங்கள்.

அறுவை கெட்டால்

முகம் அலையலையாக வந்தால் முதலில் பிளேடை மாற்றுங்கள், பிறகுதான் மற்றதைத் தேடுங்கள். பெரும்பாலும் மழுங்கிய பல்தான் காரணம். அடுத்தது டென்ஷன். பிளேடு சூடாகி நீண்டதும் தளர்ந்துவிடும், நடுநடுவே டென்ஷன் மானியைப் பாருங்கள். கணு அருகில் மட்டும் துள்ளினால் ஓட்டும் வேகம் அதிகம். பிளேடு எப்போதும் ஒரே பக்கம் ஏறினால் அந்தப் பக்கத்துப் பல் விரிப்பு கூடுதலாக இருக்கிறது, அல்லது ஒரு ஆணி எதிர்ப்பக்கப் பற்களை மட்டும் மழுக்கியிருக்கிறது. சின்னச் சின்ன வரிகளாக, துணி தேய்க்கும் கல்லைப் போல முகம் வந்தால் அது அதிர்வு. ஓட்டும் வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். முகத்தில் கருகல் தெரிந்தால் மழுங்கிய பிளேடும் மெதுவான ஓட்டமும் சேர்ந்திருக்கின்றன. ஒரு முனை மெலிந்து வந்தால் பிளேடைக் குறை சொல்ல வேண்டாம், மில்லின் ஒரு கால் மண்ணில் இறங்கியிருக்கும்.

பிளேடு ஓடும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் அது அந்தத் திசையில்தான் பாயும். லுங்கி, தோள்துண்டு இரண்டும் மில் பக்கம் வேண்டாம். கண்ணாடி, காதடைப்பான், என்95 முகக்கவசம் கட்டாயம். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பைத் தரும். வேலை நிறுத்தும்போது பிளேடின் டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள்.

சொந்த மில் வாங்க நினைப்பவர்கள் முதலில் மாவட்ட வன அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். 1996இல் காடு பாதுகாப்பு பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு பிறப்பித்த காலத்திலிருந்தே ரம்ப மில்கள் மீது கட்டுப்பாடு இறுகியிருக்கிறது. சக்கரம் வைத்த மில்தானே என்று எண்ணிவிட வேண்டாம்.

அறுத்த பலகையை வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள். நிழலில், ஒரே கனமுள்ள ஒரு அங்குல ரீப்பரை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் நேர்க்கோட்டில் வைத்து அடுக்குங்கள். மேலே பாரம் ஏற்றுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் நூல் பிடித்து, ரீப்பர் இரண்டை வைத்து முறுக்குப் பார்த்து, அசையாமல் நின்றவற்றை மட்டும் பிளேனருக்கு அனுப்புங்கள். அசைந்தவற்றுக்குத்தான் அந்தக் கூடுதல் 3, 4 மில்லிமீட்டர்.